மாடியும் மாடி சார்ந்த இடமும்: மாணவர் குறும்படத் தயாரிப்பு குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவர்கள் பட்டம் வாங்குவதற்குள் ஒரு குறும்படமாவது எடுக்கிறார்கள். அதைப் படிக்காதவர்கள் இன்னும் கூடுதலாக எடுக்கிறார்கள். பொறியியல் மாணவர்களை இந்த வகையில் யாரும் மிஞ்ச முடியாது. இவ்வளவு பெரிய விளைச்சல் உள்ள ஒரு துறையில், விளைந்ததைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. எப்படி உழுதார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. நீங்கிவிடும் என்பதில் கட்டுரையாளருக்கு ஐயமில்லை.

முதலில் ஆய்வெல்லை. ஆஸ்கர் வழங்கும் அகாதமி, பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்கு மேற்படாத படத்தைக் குறும்படம் என்கிறது. நம் மாணவர் படங்களில் அந்த எல்லை வரை ஓடுபவை அரிது. ஓடினால் பார்ப்பவர் அரிது. கால எல்லையைப் பொறுத்தவரை, கேனான் 5டி மார்க் 2 என்னும் புகைப்படக் கேமரா முழு எச்டி வீடியோவும் எடுக்கும் என்று வெளிவந்த 2008ஆம் ஆண்டையும், கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ தொடங்கிய 2009ஆம் ஆண்டையும் நம் காலத்தின் வாயில் எனக் கொள்ளலாம். அந்த நிகழ்ச்சிக்குப் படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ் 2012இல் ‘பீட்சா’வும், நலன் குமரசாமி 2013இல் ‘சூது கவ்வும்’ படமும் தந்தார்கள். ‘காதலில் சொதப்புவது எப்படி’, ‘முண்டாசுப்பட்டி’ ஆகிய இரண்டும் குறும்படமாகப் பிறந்து பிறகு முழுநீளப் படமாக வளர்ந்தவை. “படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்குடா?” என்று கேட்கும் தந்தையரிடம் காட்டுவதற்கு இச்சான்றுகள் இன்றுவரை பயன்பட்டு வருகின்றன.

இனி கோட்பாடு. தொல்காப்பியத்தின் அகத்திணையியல் பாட்டுக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்தில் உள்ள தெய்வம், உணவு, விலங்கு, பறை முதலியன. உரிப்பொருள் மாந்தரின் ஒழுக்கம். இக்காலத்தார் கதை என்பார்கள். பாட்டில் இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்து செல்லும், உரியே உச்சம். மாணவர் குறும்படத்தில் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிறது. நிலமே உச்சம், கதை கடைசி. இதுவே இக்கட்டுரை நிறுவ வந்த உண்மை.

நிலம் ஐந்து அல்ல, ஒன்று. அது மாடியும் மாடி சார்ந்த இடமும். மாடி சார்ந்த இடமாவது மாடிப்படி, தண்ணீர்த் தொட்டியின் நிழல், கொடிக்கம்பி. காதலைச் சொல்வதும், அதைக் கேட்ட பெண் பதில் பேசாமல் தொலைவில் தெரியும் கட்டடங்களைப் பார்ப்பதும், நாயகன் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்பதும் இங்கேதான். மாணவர்க்கு உயரத்தின் மேல் இயல்பாகவே ஒரு நாட்டம் உண்டு என்று இதற்கு உளவியல் விளக்கம் தருவார் உளர். அது பொருந்தாது. பூங்காவில் கேமராவை எடுத்த உடனே காவலாளி வருவார், கடற்கரையில் போலீஸ் வரும், கல்லூரி வளாகத்தில் எடுக்க முதல்வரின் கையெழுத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். மாடிக்கு மட்டும் யாரும் வருவதில்லை. வெளிச்சம் இலவசம், வாடகை கிடையாது. ஆகவே அங்கே காதல் நிகழ்கிறது.

இந்நிலத்தின் தலைவி வீட்டுக்காரம்மா. திட்டமிடும் நூல்கள் இடம் பார்ப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். சூரியன் எந்தப் பக்கம் எழும், பிளக் எங்கே இருக்கிறது, ஜெனரேட்டர் தேவையா என்றெல்லாம் கேட்கும். வீட்டுக்காரம்மாவைப் பற்றி ஒரு சொல் இராது. அவர் முதல் நாள் முறுக்கும் காபியும் தருவார். பன்னிரண்டு பேர் செருப்போடு மாடிப்படி ஏறியதை இரண்டாம் நாள் கவனிப்பார். மூன்றாம் நாள் வடாம் காயவைத்திருப்பார். வடாத்தைச் சட்டகத்துக்கு வெளியே நகர்த்தலாம் என்று எண்ணிய உதவி இயக்குநர்கள் பலர் அன்றோடு படத்தை விட்டே நகர்ந்திருக்கிறார்கள். எனவே எந்த மாடியிலும் இரண்டு நாளுக்கு மேல் படப்பிடிப்பை நீட்டாதிருத்தல் முதல் விதி. இரண்டாவது, கேட்கும் அனுமதியில் ஆள் கணக்கைக் குறைக்காதிருத்தல். “நாலு பேர்தான்மா, ரெண்டு மணி நேரம்” என்று சொல்லிப் பெற்ற அனுமதி பன்னிரண்டு பேரைத் தாங்காது.

பொழுதுக்கு வருவோம். இது பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாகும்.

பெரும்பொழுது செமஸ்டர் தேர்வை வைத்துக் கணிக்கப்படும். தேர்வுக்கு முன்னால் யாரும் வரமாட்டார்கள். பின்னால் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். இடையில் கிடைக்கும் சில சனி, ஞாயிறுகளே பருவம். அவற்றில் ஆடி மாதத்து ஞாயிறுகளைக் கழித்துவிட வேண்டும். தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாளில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் துணிவு உலகத்தின் எந்தத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் கிடையாது. மார்கழியின் விடியற்காலைக்கும் இவ்விதி பொருந்தும். கேமரா வாடகைக்குத் தரும் கடைகளிலும் சனி, ஞாயிறு நாட்களுக்குத்தான் போட்டி. கல்யாண வீடியோக்காரர்கள் முகூர்த்த நாளைப் பார்த்து முன்பதிவு செய்துவிடுவார்கள். ஆதலால் குறும்படம் எடுப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை திரைக்கதை எழுதுவதன்று, பஞ்சாங்கம் வாங்குவது.

சிறுபொழுதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆறு மணி என்று எழுதிய கால்ஷீட்டுக்கு மாணவர் கூட்டம் வந்துசேர எட்டரையாகும். கேமரா பை திறந்து, முக்காலியின் தட்டு வேறொரு பையில் இருப்பது தெரிந்து, அந்தப் பை வைத்திருப்பவர் இன்னும் ரயிலில் இருப்பதும் தெரிந்து, முதல் ஷாட் எடுக்கும்போது சூரியன் உச்சந்தலைக்கு ஏறியிருக்கும். நண்பகல் வெயில் நேர்மேலிருந்து விழுவதால் கண்குழியில் நிழல் தேங்கும்; எவ்வளவு அழகான பெண்ணுக்கும் கண் இருக்குமிடத்தில் இரண்டு பள்ளம் தெரியும். அதைப் போக்கத் தெர்மாகோல் பலகையைப் பிடிக்கிறார்கள். பலகை காற்றில் பறக்கிறது. நம் குறும்படங்களின் நாயகர்கள் இடைவிடாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டே காதலிப்பதன் காரணம் இதுதான். அது ஆழ்ந்த சோகம் என்று எழுதிய விமரிசகர்கள் தங்கள் கருத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

வெயிலுக்கு அஞ்சி அறைக்குள் போனால் அங்கே டியூப் லைட் காத்திருக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவது. பழைய டியூப் லைட் அதன் இருமடங்காக, நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அந்தத் துடிப்பு தெரியாது. வேறெங்காவது வைத்தால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். கேமராவைத் தொடும் முன் இந்த ஒரு வரியைக் கற்றுக்கொண்டவர் பலர் அல்லர். படம் முடிந்த பிறகு “அது பேய்ப் படம்” என்று அறிவித்துத் தப்பித்தவர் பலர்.

கருப்பொருளில் தெய்வம் கேமரா. அதன் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அசல் அடையாள அட்டையை அடகாக வைத்து வாங்கி வந்த பொருளாதலால் அதன்பால் பயபக்தி மிகுதி. விலங்கு, தெருநாய்; அருகமை ஷாட்டில் படுத்திருக்கும், அகல ஷாட்டில் எழுந்து போயிருக்கும். பறை என்பது குக்கர் விசில், மிக்ஸி, மின்விசிறி. யாழ் என்பது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பியானோ. திரைப்பாட்டைப் போட்டால் யூடியூப் கண்டுபிடித்துவிடும் என்பதால் எல்லாப் படத்திலும் ஒரே பியானோ அழுகிறது.

உணவைத் தனியே விரித்துரைக்க வேண்டும். மாணவர் குறும்படத்தில் யாருக்கும் சம்பளமில்லை. சம்பளமில்லாத இடத்தில் சாப்பாடே சம்பளம், சாப்பாடே ஒப்பந்தம், தாமதமானால் வேலைநிறுத்தமும் அதுவே. பட்ஜெட் தாளில் கேமரா, லென்ஸ், லைட், பெட்ரோல் என்று அழகாகக் கட்டம் போடும் மாணவர்கள் சாப்பாட்டை ‘இதர செலவு’ என்ற கடைசிக் கட்டத்தில் தள்ளுகிறார்கள். பிறகு அந்த இதரமே படத்தைத் தின்றுவிடுகிறது. பெரிய கேமராவாக இருந்தால் கடையிலிருந்து ஓர் உதவியாளர் கூடவே வருவார். அவருக்குப் பேட்டா உண்டு என்பது அவர் கேட்கும்போதுதான் தெரியவரும். ஆகவே பட்ஜெட்டின் அடிப்படை அலகு ரூபாயன்று, பிரியாணிப் பொட்டலம். தலைகளை எண்ணுக, நாட்களால் பெருக்குக, சொல்லாமல் வரும் நண்பர்களுக்காக நான்கைக் கூட்டுக. மிச்சமிருந்தால் லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாம். பொட்டலம் பிரித்த பிறகு அழுகைக் காட்சி எடுக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்த துணைவிதி. மட்டன் பிரியாணிக்குப் பின் வரும் மயக்கத்தை எந்தக் கிளிசரினும் வெல்லாது. நடித்தே ஆக வேண்டிய காட்சிகளை மதியத்துக்கு முன்னும், நடந்து போகும் காட்சிகளைப் பின்னும் வைப்பதே அட்டவணைக் கலை.

உடையும் கருப்பொருளே. நெருக்கமான கட்டம் போட்ட சட்டையை டிஎஸ்எல்ஆர் கேமரா முன் நிறுத்தினால் கோடுகள் அலையலையாக நெளியும். நம் நாயகர்கள் வேறு சட்டை வைத்திருப்பதில்லை. இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஞாயிறு எடுத்தால், முதல் ஞாயிறில் அணிந்த சட்டை இரண்டாம் ஞாயிறில் ஊரில் இருக்கும். நாயகன் முடி வெட்டியிருப்பான். கேட்டால் “அக்கா கல்யாணம்ணா” என்பான். முகூர்த்த நாள் இங்கும் குறுக்கிட்டது காண்க.

இப்போது உரிப்பொருள். இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனெனில் மாணவர்களும் அப்படித்தான் முடிக்கிறார்கள். நாயகன் பேசாதவன். அவன் மௌனத்தை இருத்தலியம் என்பார்கள். உண்மையில் காலர் மைக்கின் பேட்டரி தீர்ந்துவிட்டது. நாயகி முக்கால்வாசிப் படத்தில் நினைவாகவே வருவாள், ஏனெனில் அவளுக்கு வீட்டில் ஒரே நாள்தான் விட்டார்கள். நாயகன் பேசிக்கொண்டிருந்த ஆள் ஆறு மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டவர் என்பது முடிவில் தெரியவரும். அவராக நடித்தவர் பாதியில் கோபித்துக்கொண்டு போனதன் விளைவு இது. எல்லாமே கனவு என்று முடிந்தால் இரவுக் காட்சிக்கு லைட் கிடைக்கவில்லை என்று பொருள். ஆக, கதையின் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னாலும் தயாரிப்புத் திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஓட்டையின் அளவே திருப்பத்தின் அளவு.

இனி மறுப்பு. கதையே முதலில் வேண்டும், மற்றவை தாமே வரும் என்று வாதிடும் ஒரு சாரார் உண்டு. அவர்கள் வரலாறு அறியாதவர்கள். ராபர்ட் ராட்ரிகஸ் 1992இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’யைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார், அந்தப் பணத்தில் ஒரு பகுதி மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துப் பெற்றது. நண்பருடைய சிற்றூர், ஒரு பேருந்து, ஒரு நாய், ஓர் ஆமை எனக் கையில் உள்ளவற்றைக் கணக்கெடுத்துவிட்டு அவற்றைச் சுற்றிக் கதை எழுதினார். ஆமை இருந்தது, எனவே படத்தில் ஆமை நடந்தது. கிறிஸ்டோபர் நோலன் தன் ‘ஃபாலோயிங்’ படத்தை (1998) ஏறத்தாழ ஓராண்டு சனிக்கிழமைகளில் எடுத்தார். எல்லோருக்கும் வாரநாளில் வேலை இருந்தது. ஃபிலிம் வாங்கக் காசில்லாததால் நாடகம்போல் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார். நம் மாணவரிடம் மெமரி கார்டு இருக்கிறது. எனவே ஒத்திகை கிடையாது, இருபது டேக் உண்டு.

சத்யஜித் ராயைச் சொல்லாமல் இந்த ஆராய்ச்சி நிறைவு பெறாது. ‘பதேர் பாஞ்சாலி’யின் முதல் நாள் படப்பிடிப்பு, 1952 அக்டோபரில், நாணல் பூத்த வெளியில் நடந்தது. அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போனபோது பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரை காத்திருந்து அந்தக் காட்சியை முடித்தார்கள். நிலமும் பொழுதும் விலங்கும் சேர்ந்து உரிப்பொருளை எப்படி நிறுத்திவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று உலக சினிமாவில் இல்லை. ராய் காத்திருந்தார். நம் மாணவர் அந்த இடத்தில் நாணலை வெட்டிவிட்டு நாயகியைக் கொன்றிருப்பார்.

எஞ்சியிருப்பது நன்றிப் பட்டியல். கல்வெட்டாய்வாளருக்கு மெய்க்கீர்த்தி எப்படியோ, நமக்கு இது அப்படி. மேலே கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாம் ஒரே பெயரில் இருக்கும். அதை நம்ப வேண்டியதில்லை. கீழே சிறிய எழுத்தில் வேகமாக ஓடுவதை நிறுத்திப் படித்தால் உண்மையான தயாரிப்பாளர்கள் தெரிவார்கள்: பைக் கொடுத்தவர், லேப்டாப் கொடுத்தவர், ‘மாடி வீட்டு ஆன்ட்டி’, மெஸ் அண்ணன், எல்லோருக்கும் பிறகு அப்பா, அம்மா. தமிழ் சினிமாவில் படப்பிடிப்பு முடிந்ததும் பூசணிக்காய் உடைப்பது வழக்கம். மாணவர்களும் உடைக்கிறார்கள், பெரும்பாலும் அந்த மாடியிலேயே.

படம் எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: பூசணிக்காயை உடைத்த கையோடு துடைப்பத்தையும் எடுங்கள். அதே மாடி அடுத்த ஆண்டு ஜூனியர்களுக்கும் வேண்டும்.