சிலந்தி நூலுக்குப் புழு எதற்கு?

கேள்வி: சிலந்தி நூல் வேண்டுமென்றால் சிலந்தியையே வளர்க்கலாமே? பட்டுப்புழுவின் மரபணுவில் ஏன் கைவைக்கிறார்கள்?

பதில்: தாராளமாக வளர்க்கலாம். ஆனால் ஒரே கூண்டில் பத்துச் சிலந்திகளை விட்டால், சில நாளில் நன்றாகச் சாப்பிட்ட ஒன்றுதான் மிஞ்சும்! பட்டுப்புழு அப்படியல்ல, ஆயிரக்கணக்கில் ஒரே தட்டில் சண்டையின்றி மல்பெரி இலை தின்னும். 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குள் வெளி மரபணுவை நிலையாகச் செலுத்திக் காட்டினார்கள். 2003-இல் மனிதக் கொலாஜன் என்ற புரதத்தின் ஒரு பகுதி புழுவின் கூட்டிலேயே கிடைத்தது. 2023-இல் சீனாவின் டோங்குவா பல்கலைக்கழகக் குழு, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில், சிலந்திப் புரத இழையையே புழுவை நூற்க வைத்தது. அறுபடாமல் ஆற்றலைத் தாங்குவதில் அது கெவ்லார் என்ற செயற்கை இழையைப் போல் சுமார் ஆறு மடங்கு என்கிறது அவர்களின் ஆய்வு.

‘இதைப் பாக்டீரியா தொட்டியில் செய்யக்கூடாதா?’ என்பீர்கள். புரதம் கிடைக்கும்; அதை நூலாக்குவதுதான் பெரும்பாடு. புழுவின் வாயருகே நூற்பாலை இலவசம். ‘தப்பித்துப் பறந்துவிட்டால்?’ வளர்ப்புப் பட்டுப்பூச்சிக்குச் சிறகு உண்டு, பறக்கத்தான் தெரியாது. மனிதத் துணையின்றிப் பிழைக்கவும் தெரியாது. ஆனாலும் ஜப்பானிலும் சீனாவிலும் அதனோடு இணையக்கூடிய காட்டு உறவினர் இருப்பதால், அங்கே அடைத்து வளர்ப்பதும் அரசு அனுமதியும் அவசியமே. புழுவைக் கொல்வது பாவம் என்ற வாதம் நியாயமானது. ஆனால் அது மரபணு மாற்றத்தின் மீது வரும் வழக்கல்ல, கொதிநீரில் கூட்டைப் போடும் பட்டுத்தொழில் முழுவதன் மீதுமான வழக்கு. பட்டுவேட்டி கட்டிக்கொண்டு அதை வாதாடுவது கொஞ்சம் சிரமம்!