அம்மாவுக்கும் அட்மிஷன்!

கே: வயது 38, இரண்டு பிள்ளைகள். கல்விக் கடன் கேட்டால் பேங்கில் சிரிக்கிறார்கள். வயது வரம்பு உண்டா? (ஆரணி வாசகி)

ப: சிரிக்கவும் தடையில்லை, கடனுக்கும் தடையில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் வயது வரம்பு கிடையாது. 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டாம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம். ஆனால் மாதிரி என்பது மாதிரிதான், ஒவ்வொரு வங்கியும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்க்கும். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். சிரிப்பை லெட்டர்பேடில் போட யாருக்கும் மனசு வராது.

கே: கணவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிக்கப்போவது நான்தானே? (கரூர் வாசகி)

ப: கல்யாணமானவருக்குத் துணைதான் இணைக் கடனாளியாக வேண்டும் என்றில்லை. பெற்றோர், மாமனார், மாமியாரும் வரலாம். மாமியார் கையெழுத்துப் போட்டால் எழுதுங்கள், அட்டையிலேயே படம் போடுகிறோம்.

கே: கடனே வேண்டாம். வேறு வழி? (ஒரு திருநெல்வேலி அம்மா)

ப: டிகிரிதான் படிப்பு என்று முடிவு கட்டாமல் இருந்தால் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு வயது வரம்பு 40. பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. சைக்கிளும் விலையில்லாமல் வரும். பள்ளியில் மகன் வாங்கியதற்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எட்டாவது முடித்தவர்களுக்கும் சில பிரிவுகள் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். வகுப்பு பகலில். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது நீங்கள் வெல்டிங் ஷெட்டில் நிற்கக்கூடும். யார் போய்க் கூட்டி வருவது என்பதை முதலில் பேசி முடியுங்கள். அதற்கு உதவித்தொகை எந்த அரசும் தருவதில்லை.

கே: தபால் வழியில் படித்தால் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் வருமா?

ப: வராது.

கே: எங்கள் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை. திறந்தநிலைப் பல்கலையில் பி.ஏ. சேரப்போகிறேன். மகன் ப்ளஸ் ஒன். இதனால் அவனுக்குப் பாதகமா? (கடலூர் வாசகி)

ப: நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டுமென்றால் தாத்தா பாட்டி முதல் உடன்பிறப்பு வரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. கையில் அது இருந்தால்தான் பொறியியல் கவுன்சலிங்கில் கட்டணச் சலுகை. நீங்கள் முந்தினால் அவனுக்குப் போச்சு. உங்கள் பி.ஏ.வுக்கு மூன்று வருஷம் ஆகும், அதற்குள் அவன் கவுன்சலிங் முடித்துவிடுவான். தப்பித்தீர்கள். மகன் இப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தால் வீட்டில் பஞ்சாயத்துதான்.

கே: சொந்தப் படிப்புக் கடனுக்கு வருமான வரிச் சலுகை உண்டா?

ப: வட்டிக்கு மட்டும், 8 வருஷம் வரை. அதுவும் பழைய வரி முறையில் இருந்தால். அசலுக்குப் பைசா தேறாது.

கே: எங்கிருந்து ஆரம்பிக்க? (மதுரை அம்மா)

ப: பீரோவிலிருந்து. டி.சி.யும் மார்க் ஷீட்டும் அடித்தட்டில் பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கும். அதில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போகும்போதே இதையும் கேளுங்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பம் கோடையில் வரும். அதற்குள் இனிஷியல் தகராறைத் தீர்த்துவிடுங்கள்.