தோள்ல மூணு கோடு, தலையில ஒரு கோடி

ஏலே, பைலட் ஆகப் போறியாம்ல? உங்க அம்மை தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரியுதா. நல்லா இருடே. ஆனா பிளஸ் டூ பரீட்சை இன்னும் முடியலை, அதுக்குள்ள இன்ஸ்டாகிராம்ல பேருக்கு முன்னாடி 'கேப்டன்'னு போட்டுக்கிட்டியாம். கறுப்புக் கண்ணாடியும் வாங்கியாச்சாம். சரி, விமானம் ஒண்ணுதான் பாக்கி.

நான் நம்ம தூத்துக்குடி வாகைக்குளம் ஏரோடிராமைப் பாத்துக்கிட்டே கெழடானவன். ஏர் டெக்கான்காரன் வந்தான். அவனைக் கிங்ஃபிஷர்காரன் வாங்குனான். 2012-ல கிங்ஃபிஷரே படுத்துட்டு. ஸ்பைஸ்ஜெட் வந்துச்சு, இப்ப இண்டிகோ ஓடுது. ஏரோடிராம் என்னமோ அங்கனதான் கெடக்கு. 2025-ல புதுக் கட்டடம் வேற கட்டித் திறந்துட்டான். வாலுல எழுதியிருக்க பேருதான் மாறிக்கிட்டே இருக்கு. நீ எந்தப் பேரை நம்பிக் கடன் வாங்கப் போற?

கடன்னதும் மூஞ்சி ஏன்ல சுருங்குது? பேசித்தான ஆகணும். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும். பறக்குற பள்ளிக்கூடத்துல மணிக் கணக்குக்குத்தான் துட்டு. இங்க படிச்சாலே அரைக் கோடிக்கு மேல ஆகும். வெளிநாட்டுல படிச்சு, பொறவு டைப் ரேட்டிங்கும் முடிச்சா ஒரு கோடியத் தொட்டுரும். அந்த டைப் ரேட்டிங்னா என்னன்னு உங்க அப்பனுக்குச் சொன்னியா? சொல்லியிருக்க மாட்ட. லைசென்ஸ் வாங்குனதும் ஏர்பஸ்ஸைத் தூக்கிக் கையில கொடுத்துர மாட்டான். எந்த விமானத்தை ஓட்டப் போறியோ அதுக்குன்னு தனியாப் படிக்கணும். அதுக்கும் லட்சக்கணக்குல எடுத்து வைக்கணும். ஏஜென்ட் குடுத்த வழவழ நோட்டீஸ்ல இது கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல இருக்கும். கண்ணாடியக் கழட்டிட்டுப் படி.

'நாட்டுல பைலட் பஞ்சம் தாத்தா, 30,000 பேரு வேணும்னு மந்திரியே சொல்லிட்டாரு'ங்க. சொன்னாருதான். பதினஞ்சு இருபது வருஷத்துக்குள்ளன்னும் சேத்துச் சொன்னாரு, அது உன் காதுல விழலை. 2023-ல ஏர் இந்தியா 470, இண்டிகோ 500-ன்னு விமானத்துக்கு ஆர்டர் போட்டதும் நெசம். அம்புட்டும் நாளைக்கே வந்து இறங்கிருமா? வருஷக் கணக்காகும்லா. அதே 2023-ல இந்தியாவுல 1,622 பேரு லைசென்ஸ் வாங்கியிருக்கான். பஞ்சம் கேப்டனுக்குடே. 200 மணி நேரத்தோட வாசல்ல நிக்குறவனுக்கு என்ன பஞ்சம்? அவன் வரிசையில நிக்கான்.

வரிசையில நிக்கும்போது வட்டி நிக்குமா? 60 லட்சம், நூத்துக்குப் பதினொண்ணு வட்டி. நீயே போடு கணக்கை. மாசம் 55,000. முதல்ல ஒத்தப் பைசா குறையாது, வட்டி மட்டும். வீட்டுல குந்தி, தோள்பட்டைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா, ரெண்டு வருஷத்துல 13 லட்சத்துக்கு மேல போயிருக்கும்.

இப்ப சின்னக் கம்பெனிக் கதைக்கு வாரேன். சாமானியனும் பறக்கட்டும்னு அரசாங்கம் உடான்னு ஒரு திட்டம் போட்டுச்சு. 2017 ஏப்ரல்ல சிம்லாவுல இருந்து டெல்லிக்கு முத விமானம். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்போ 2,500 ரூபாய். நல்ல காரியம்தான், குத்தம் சொல்லலை. ஆனா 2023-ல தணிக்கைக்காரன் கணக்கைப் புரட்டுனான். 774 வழித்தடம் குடுத்ததுல 403 தொடங்கவே இல்லை. தொடங்குன 371-ல மானியம் கிடைக்குற மூணு வருஷத்தை முடிச்சது 112. மானியம் நின்ன பொறவும் ஓடுனது எத்தனைங்க? 54. இன்னொரு தடவை சொல்லட்டா? 54.

வழித்தடம் மட்டுமா, கம்பெனியும்தான். கோயம்புத்தூர்ல ஏர் கார்னிவல்னு ஒண்ணு 2016-ல வந்துச்சு, மறு வருஷம் காணோம். விஜயவாடாவுல ஏர் கோஸ்டா, பெங்களூர்ல ஏர் பெகாசஸ், அதே கதைதான். சேலத்துக்கு 2018-ல ட்ரூஜெட் வந்தப்போ என்னா ஆரவாரம்! 2022-ல அதுவும் நின்னுட்டு. ஒவ்வொண்ணுலயும் உன்னை மாதிரிப் பயலுவ கோடு மாட்டிக்கிட்டு நின்னான்லா? பெருசு மட்டும் வாழ்ந்துச்சோ? ஜெட் ஏர்வேஸ் 2019-ல, கோ ஃபர்ஸ்ட் 2023-ல. அதனால நேர்முகத்துக்குப் போகும்போது, 'யூனிஃபார்ம் என்ன கலர் சார்'னு கேக்காத. விமானத்தை வாடகைக்குக் குடுத்தவனுக்கு ஒழுங்காத் துட்டு போகுதா, பழைய ஆளுகளுக்குச் சம்பளம் எத்தனாம் தேதி விழுதுன்னு விசாரி. கேன்டீன்ல விசாரிச்சாலே சொல்லிருவான்.

இம்புட்டும் சொல்லிட்டு, போகாதன்னு சொல்லப் போறேன்னு நெனைக்க. இல்லடே. போ. ஆனா அன்னைக்கு உன் சேக்காளிட்ட என்ன சொன்ன? 'காத்தாடி விமானமா? சீ! எனக்கு ஜெட்டுதான்.' அதைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பாணி அள்ளிட்டு வந்துச்சு.

அந்தக் காத்தாடிக்குப் பேரு ஏடிஆர். எழுபத்துச் சொச்சம் பேரு உக்காரலாம். நம்ம ஓடுதளம் ரொம்ப காலம் 1,350 மீட்டருதான் இருந்துச்சு; இப்பதான் 3,115 ஆக்கியிருக்கான். அந்தக் குட்டை ரோட்டுல எந்த ஜெட்டுல வந்து இறங்குனான்? காத்தாடிதான வந்துச்சு. ஒருநா கிட்டப் போயிப் பாரு. சாமான் ஏத்துறது முன் கதவு, ஆளு ஏறுறது பின் கதவு. எல்லாரும் பின்னாடியே ஏறுனா வால் தரையில குந்திரும்னு, அடியில ஒரு கம்பை முட்டுக் குடுத்து வச்சிருப்பான். கெளம்புறதுக்கு முந்தி அதை எடுக்கணும். வலது பக்க இன்ஜின் ஓடும், ஆனா அதோட விசிறி மட்டும் சுத்தாது. அதுக்குன்னு ஒரு பிரேக்கு. தரையில நிக்கும்போது கரண்டுக்கும் ஏசிக்கும் அந்த இன்ஜின்தான். இதெல்லாம் தெரிஞ்சவனுக்குத்தான் அந்தச் சீட்டு.

காலையில சென்னையில ஏறுனான்னா சாயங்காலத்துக்குள்ள நாலு தடவை ஏத்தி நாலு தடவை இறக்குவான். ஐப்பசி மழையில, பக்கவாட்டுக் காத்துல, சின்ன ஊரு ஓடுதளத்துல. வெளிநாட்டுக்குப் பெரிய விமானம் ஓட்டுறவனுக்கு ராத்திரி பூராப் பறந்தாலும் ஒரு இறக்கம்தான், அதையும் ரெண்டு பேரு பங்கு போட்டுக்கணும். மாஞ்சோலை மலை ரோட்டுல பஸ் ஓட்டிப் பழகுனவன் நாலுவழிச் சாலைக்குப் பயப்படுவானாடே?

கம்பெனி நாளைக்குப் பூட்டுனாலும் உன் லாக்புக்குல ஏறுன மணி நேரத்தை எவனும் சப்தி பண்ண முடியாது. 1,500 மணி நேரம் சேந்தா ஏடிபிஎல்ங்குற பெரிய லைசென்ஸ் வாங்கலாம். கேப்டனோட நாலாவது கோட்டுக்கு வழி அதுதான். சின்னக் கம்பெனியில அந்த முறை கொஞ்சம் வெரசலாவும் வரலாம். சம்பளம் ஜெட்டுக்காரனை விடக் குறைச்சல்தான், ஒத்துக்கிடுதேன். அதுக்காக ஆறாம் மாசமே தாவலாம்னு நெனைக்காத. பாண்டு எழுதி வாங்கியிருப்பான். அதுபோக, துணை பைலட்டு விலகணும்னா ஆறு மாசம் முந்திச் சொல்லணும், கேப்டன்னா ஒரு வருஷம். 2017-ல விமானத்துறை மேற்பார்வைக்காரன் டிஜிசிஏ போட்ட சட்டம். ஜெட்டுக்குப் போனா மறுபடியும் டைப் ரேட்டிங்.

பொறவு? பொறவு 65 வயசு வரைக்கும் ஓட்டலாம். 60 தாண்டுனா பக்கத்துச் சீட்டுல 60-க்குள்ள உள்ளவன் இருக்கணும். ஊருல எத்தனை உத்தியோகத்துல இம்புட்டு நாளு வச்சிருப்பான்? நல்ல பொழப்புதான். ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்க சிமுலேட்டர்ல பரீட்சை. வருஷாவருஷம் உடம்புப் பரிசோதனை. ஏறுறதுக்கு 12 மணி நேரத்துக்குள்ள சொட்டுச் சாராயம் கூடாது, குழாயில ஊதிக் காட்டணும். பொங்கல், கொடை, மச்சினன் கல்யாணம் எதுக்கும் உன்னை ஊருல பாக்க முடியாது. வார ஓய்வை 36-ல இருந்து 48 மணி நேரமா ஆக்குறதுக்கே பைலட்டுக கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. 2020-ல கொரோனா வந்தப்ப விமானம் எல்லாம் வரிசையா நின்னுட்டு. எத்தனை பேருக்குச் சம்பளத்தை வெட்டுனான், எத்தனை பேரை லீவுல அனுப்புனான்! டிகிரி ஒண்ணு தபால்லயாவது படிச்சு வை. கோடு கசங்கிறாது.

'பறக்குறது என் ரத்தத்துலயே இருக்கு தாத்தா'ன்னு மார்தட்டுன. இருக்கட்டும். ரத்தத்துல என்ன இருக்குன்னு டாக்டரு பாத்துச் சொல்லட்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒத்த ரூபாய் கட்டுறதுக்கு முந்தி கிளாஸ் ஒண்ணு மெடிக்கலை முடி. பாதிப் பயலுவ இதைத் தலைகீழாச் செய்தான். நிறக்குருடு இருக்குன்னு தெரியாமலே முதத் தவணையக் கட்டிட்டு வந்து நிப்பான்.

சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியுதான்னு இப்பமே பாத்துருவோமா? அந்தா சைக்கிள் நிக்குல்லா, அது என்ன கலரு? கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டுச் சொல்லுல! சரி, தேறிட்ட. டாக்டரு சீட்டு வந்த பொறவு வா. வரும்போது உங்க அப்பனையும் கூட்டிட்டு வா. வீட்டுப் பத்திரத்தை எந்த பேங்குல வைக்கப் போறான்னு அவன்ட்ட கேக்கணும்.