மூடியியல்: பழைய செக்ரட்டரி மேசையைத் தெரிவு செய்யும் முறை குறித்த ஓர் ஆய்வு

1. வரையறை

செக்ரட்டரி மேசை என்பது எழுதும் பலகை, சிற்றறைகள், இழுப்பறைகள், இவை எல்லாவற்றையும் ஒரே அசைவில் மறைக்கும் மூடி ஆகிய நான்கு உறுப்புகள் கொண்ட மரச்சாமான். சிலவற்றின் தலைமேல் கண்ணாடிக் கதவிட்ட புத்தக அலமாரியும் இருக்கும். முதல் மூன்று உறுப்புகளும் பிற மேசைகளிலும் காணப்படும் பொது இலக்கணம். மூடி ஒன்றே சிறப்பிலக்கணம். ஆகவே இம்மேசையைத் தெரிவு செய்வது மூடியைத் தெரிவு செய்வதே என்பது இவ்வாய்வின் துணிபு.

அஃதேல், எழுதுவதற்காக அன்றோ மேசை வாங்குவர் எனின், அற்றன்று. எழுதுவதற்குச் சாப்பாட்டு மேசை போதும். சம்மணமிட்ட மடியும் போதும். மின்கட்டண ரசீது, பாதி நிரப்பிய வங்கிப் படிவம், மை வற்றிய பேனா, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஆகியவை யார் கண்ணிலும் படாமல் நிரந்தரமாகக் குடியிருக்க ஓரிடம் வேண்டும் என்பதற்காகவே இது வாங்கப்படுகிறது.

அழைப்புமணி ஒலிப்பதற்கும் வீட்டார் கதவைத் திறப்பதற்கும் இடைப்பட்ட காலம் இக்கட்டுரையில் 'மணியிடை' எனப்படும். ஒரு மணியிடைக்குள் மூடத்தக்கதே நல்ல மேசை.

2. வகைப்பாடு

மூடியின் இயல்பு நோக்கி இம்மேசைகள் ஐவகைப்படும்.

சாய்வுமூடி: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பெருவழக்கு. தாமஸ் சிப்பெண்டேல் 1754இல் வெளியிட்ட வடிவமைப்பு நூலில் புத்தக அலமாரி ஏற்றிய மேசைகளும் இடம்பெற்றன. மூடியின் கீல் அடிவிளிம்பில் இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாங்குகட்டைகளை வெளியே இழுத்து, அவற்றின்மேல் மூடியைச் சாய்த்தால் அதுவே எழுதும் பலகை. மூடும்போது அதன்மேல் உள்ளதெல்லாம் உள்நோக்கிச் சரியும். தாள் சரிவது நன்று. காபி டம்ளர் சரிவது அன்று. நம் ஊர்க் கடைகளில் கணக்குப்பிள்ளை தரையில் அமர்ந்து எழுதிய சாய்ந்த மூடிப் பெட்டி இதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அதன் கீல் மேல்விளிம்பில் இருப்பதால், மேலே எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே எதையும் எடுக்க முடியாது. கல்லாப்பணத்துக்கு இது பாதுகாப்பு.

நேர்மூடி: 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரான்சில் செல்வாக்குப் பெற்றது. மூடிய நிலையில் செங்குத்தாக நிற்கும் அலமாரி போலத் தோன்றும். சுவரோடு ஒட்டி நிற்பதால் இடம் குறைவாகவே கேட்கும். உட்பகுதி ஆழம் குறைந்தது. எனவே பலகைமேல் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து அதற்குரிய அறையில் வைத்த பிறகே மூட முடியும். இஃது ஒழுங்குள்ளவர்க்கு உரியது. ஒழுங்குள்ளவர்க்கு இவ்வகை மேசையே தேவையில்லை என்பதால் மேலும் விரிப்பது மிகை.

உருள்மூடி: வளைந்த மூடி மேலிருந்து இறங்கிப் பலகையை மறைக்கும், கீழே கிடக்கும் தாளைத் தொடவே வேண்டியதில்லை. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயிக்காக ழான்-பிரான்சுவா ஓபென் 1760இல் இவ்வகையில் ஒரு மேசையைத் தொடங்கினார். அவர் 1763இல் இறந்தார்; பட்டறையில் இருந்த ழான்-ஆன்றி ரீசெனர், மேசையை 1769இல் முடித்தார், இடையில் ஓபெனின் மனைவியையும் மணந்தார். ஒரு சாவியை ஒருமுறை திருப்பினால் மேல்மூடியும் இழுப்பறைகளும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். அரண்மனையில் வாழ்ந்தவருக்கும் மேசைமேல் கிடப்பதைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்க வேண்டியிருந்தது என்பதற்கு வெர்சாய் மாளிகையில் உள்ள இம்மேசை சான்று. அதே கொள்கையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆப்னர் கட்லர் ஒருவர். அவர் 1882இல் காப்புரிமை பெற்றார். மெல்லிய மரச்சட்டங்களைத் துணியில் ஒட்டிச் செய்த மூடி பள்ளத்தில் ஓடும். துணி இற்றுப்போனால் மூடி பாதி வழியில் நின்றுவிடும். பாதி மறைந்த குப்பை முழுதும் தெரியும் குப்பையைவிட ஐயத்துக்கு இடமானது.

இழுப்பறைமூடி: பார்வைக்குத் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி, மேலிழுப்பறையை இழுத்து அதன் முகப்பைக் கீழே மடக்கினால் உள்ளே மேசை. முகாம்விட்டு முகாம் செல்லும் பிரிட்டிஷ் படை அதிகாரிகளுக்காக இவ்வகை தேக்கிலும் கற்பூர மரத்திலும் செய்யப்பட்டது. இந்தியத் தச்சர்களும் செய்தனர். மூலைகளில் பித்தளைத் தகடு, தூக்கிச் செல்ல வசதியாக இரண்டாகப் பிரியும் உடல் ஆகியவை அடையாளங்கள். உள்ளே மேசை இருப்பதே விருந்தினருக்குத் தெரியாது என்பதால் இவ்வகை மூடியியலின் உச்சம்.

இரட்டைக்கதவு: இண்டியானாபொலிஸ் நகரத்து வில்லியம் வூட்டன் 1874இல் காப்புரிமை பெற்றது. இரண்டு பெருங்கதவுகளைத் திறந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். மூடினால் ஒரே பூட்டு. வெளியிலிருந்து கடிதம் போட ஒரு துளை. அமெரிக்க முன்னாள் அதிபர் கிராண்ட், எண்ணெய் வணிகர் ராக்பெல்லர் ஆகியோர் வைத்திருந்தனர். அக்காலக் கடிதம் நீளவாட்டில் மடிக்கப்பட்டு, வெளிப்புறத்தில் விவரம் குறிக்கப்பட்டுச் சிற்றறையில் செருகப்பட்டது. பின்னர்த் தட்டச்சுப் பொறியும் கார்பன் நகலும் தாளைப் பெருக்கின. 1890களில் தாளை மடிக்காமல் நிறுத்திவைக்கும் கோப்பு அலமாரி வந்தது. சிற்றறைகள் வேலையிழந்தன. ரப்பர் பேண்டும் முடிந்துபோன திருமணங்களின் அழைப்பிதழும் அவற்றில் குடியேறின.

3. வயது

பழமைக்கு நூறாண்டு எல்லை என்பது பரவலான வழக்கு. அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1930இல் வகுத்த எல்லையோ 1830ஆம் ஆண்டு. நூறாண்டு கழிந்தால் போதும் என்று 1966இல் விதி மாறும் வரை, 1831இல் செய்த மேசை அந்நாட்டுச் சுங்கத்தின் கண்ணில் 135 ஆண்டுகள் புதுமை குன்றாமல் இருந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருளாகலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. விசாகப்பட்டினத்தில் தந்தம் பதித்துச் செய்த 18ஆம் நூற்றாண்டு மேசைகள் புகழ்பெற்றவை. எனினும் தந்த வணிகம் இங்கே தடைசெய்யப்பட்டிருப்பதால் அவற்றை அருங்காட்சியகத்தில் பார்த்துத் திரும்புவதே முறை.

விற்பவர் சொல்லும் வயதைவிட இழுப்பறை சொல்லும் வயது நம்பத்தக்கது. இழுப்பறையை முழுதும் உருவிப் பக்கவாட்டு மூட்டை நோக்குக. பற்கள் ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்டிருந்தால் கைவேலை. அச்சடித்தாற்போல் ஒத்திருந்தால் இயந்திரம். அரைவட்டமும் நடுவில் வட்டக் குமிழுமாக இருந்தால் அது அமெரிக்கர் சார்லஸ் நாப் 1867இல் காப்புரிமை பெற்ற மூட்டு. 1900 அளவில் அது வழக்கொழிந்தது. மரத்தின் பின்புறம் வளைகோடுகளாக அறுப்புத் தழும்பு தெரிந்தால் வட்டரம்பம், அதாவது 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோ. கூர்முனைத் திருகாணி 1840களுக்குப் பிந்தியது.

மேல் அலமாரியும் கீழ் மேசையும் பிறப்பால் ஒன்றாக இல்லாமல் வணிகரால் சேர்த்துவைக்கப்படுவதும் உண்டு. பழஞ்சாமான் வணிகத்தில் இதற்குத் திருமணம் என்று பெயர். இங்கே பொருத்தம் பார்ப்பது எளிது: அலமாரியை இறக்கிவிட்டு மேசையின் தலைப்பலகையைக் காண்க. அங்கே நல்ல பாலிஷும் உயர்ந்த மேலொட்டும் இருந்தால், அந்த இடம் முன்பு வெளியே தெரிந்த இடம். மறைந்துபோகும் இடத்தில் எந்தத் தச்சரும் நல்ல சரக்கை வீணாக்கியதில்லை. பின்பலகைகளின் மரமும் நிறமும் மேலும் கீழும் ஒத்திருக்க வேண்டும்.

4. உடல்நலம்

தாங்குகட்டைகளை இழுக்க மறந்து மூடியைத் திறப்பது சாய்வுமூடி மேசைகளின் பரம்பரை நோய். பாரம் முழுதும் கீலில் இறங்கி மரம் பிளக்கும். கீலைச் சுற்றி வேறுநிற மரத்துண்டு ஒட்டியிருந்தால், முன்னாள் உரிமையாளருள் ஒருவராவது அவசரக்காரர் எனக் கொள்க.

சிறு துளைகள் மட்டும் இருந்தால் பூச்சி வந்து போயிற்று. துளையடியில் புதிய மாவு உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே. இழுப்பறை முகப்பின் உட்புறத்தில் பயனற்ற துளைகள் இருந்தால் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கிறது. மூடியை ஏழெட்டு முறை மூடித் திறந்து பார்ப்பதில் வெட்கம் கூடாது. காரைக்குடி, புதுச்சேரிப் பழஞ்சாமான் கடைக்காரர்கள் இதைவிட நீண்ட சோதனைகளைக் கண்டவர்கள்.

5. இடம்

அளக்க வேண்டியவை நான்கு: சுவரின் அகலம், மூடி திறந்தபின் முன்னால் நீளும் தூரம், கூரையின் உயரம், மாடிப்படித் திருப்பம். நான்காவதை அளப்பவர் அரிது. எனவே படித்திருப்பத்தில் சிக்கிய மேசைகளே மிகுதி. எழுதும் பலகை தரையிலிருந்து ஏறத்தாழ 30 அங்குலம் இருப்பது வசதி. பலவற்றில் மூடிக்குக் கீழே நேராக இழுப்பறைகள் இருப்பதால் காலை நீட்ட இடம் போதாது. நீண்ட நேரம் உழைக்க விரும்பாதவர்க்கு இது குறையன்று. மடிக்கணினி வைக்கலாம். மின்கம்பிக்காகப் பின்பலகையில் துளையிட்டால் மேசையின் மதிப்பும் அத்துளை வழியே வெளியேறும்.

6. இரகசிய அறைகள்

நடுவில் உள்ள சிறு கதவின் இருபுறமும் தூண்கள் இருந்தால் அவற்றை மெல்ல முன்னால் இழுக்க வேண்டும். பல மேசைகளில் அவை குறுகிய பெட்டிகளாக வெளிவரும். திருடர், வணிகர், பேரப்பிள்ளைகள் ஆகிய முத்திறத்தாரும் அறிந்த இடம் இது. வைத்தவர் மறந்துவிடுவதால் மட்டுமே இரகசியம் காக்கப்படுகிறது.

7. விலை

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்து நியூபோர்ட்டில் செய்யப்பட்ட நிக்கலஸ் பிரவுன் குடும்பத்து மேசை 1989இல் நியூயார்க் ஏலத்தில் 1.21 கோடி டாலருக்குப் போயிற்று; அன்று அமெரிக்க மரச்சாமானுக்கு அதுவே உச்சவிலை. அதன் உயரம் ஒன்பது அடிக்கும் மேல். ஆனால் 2000க்குப் பிறகு மேலைநாட்டுச் சந்தையில் பழுப்புநிற மரச்சாமான்களின் விலை பெரிதும் சரிந்தது. வீடுகள் சிறுத்தன, தாள்கள் கைப்பேசிக்குள் போயின. நடுத்தரத் தரமுள்ள மேசையை நியாய விலையில் வாங்க இது ஏற்ற காலம்.

8. முடிபு

முதலில் படித்திருப்பம், அடுத்து மூடி, பிறகு கீல், அதன்பின் இழுப்பறை மூட்டு, ஈற்றில் விலை என்னும் வரிசையில் தெரிவு அமைக. ஒழுங்கற்றவர்க்கு உருள்மூடி, மறைவு நாடுவோர்க்கு இழுப்பறைமூடி, கூரை உயர்ந்த வீட்டார்க்கு அலமாரியுடன் கூடிய சாய்வுமூடி. மேசை வந்த சில மாதங்களில் அதன் உட்புறம் நிரம்பும் என்பதும், எஞ்சிய தாள்கள் மீண்டும் சாப்பாட்டு மேசைக்கே வரும் என்பதும் எதிர்பார்க்கத்தக்கவை. அந்நிலையில் இரண்டாவது மேசை வாங்குவது தீர்வாகாது. சாப்பாட்டு மேசைக்கு மூடி செய்யலாமா என்பது தனி ஆய்வுக்கு உரியது.