டோக்கியோவுக்கு அருகே ஒரு மலை

டோக்கியோவிலிருந்து பனிமலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது அன்றும் இன்றும் ஒரே கேள்விதான்: போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? 2001ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நாங்களும் அதைத்தான் கேட்டோம். மென்பொருள் வேலைக்கு வந்து நிஷி கசாய் பகுதியில் குடியேறிய தமிழ் இளைஞர்கள் சிலர், பனியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள். அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்த ஜப்பானிய மூத்தவர் ஒருவர் மூன்று ஊர்களைச் சொன்னார்: குசாட்சு, நொசாவா ஒன்சென், எச்சிகோ யூசாவா. மூன்றிலும் சறுக்க மலை உண்டு. குளிக்க வெந்நீர் ஊற்று உண்டு.

குசாட்சுவுக்கு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் கிடையாது. சாதாரண ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். நொசாவாவுக்கு அப்போது நாகானோ வரை ஷின்கான்சென் போனது. மீதி வழி மலைப்பாதையில் பஸ். யூசாவாவோ டோக்கியோ நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். போதாததற்கு, அதன் பக்கத்திலேயே காலா யூசாவா என்று ஒரு நிலையம். ரயில் நிறுவனமே 1990இல் திறந்த சறுக்கு மலை அது. டிக்கெட் கேட்டைத் தாண்டியதும் அதே கட்டடத்துக்குள் பூட்ஸும் பலகையும் வாடகைக்குக் கிடைக்கும். உடை மாற்றிக்கொண்டு கோண்டோலாவில் ஏறினால் நேரே மலைமேல். வேறு எதையும் யோசிக்காமல் யூசாவா என்று முடிவு செய்தோம்.

அந்த ரயில் பயணத்தை இன்றும் எனக்குப் பிடிக்கும். குன்மா சமவெளி முழுக்கப் பளிச்சென்று வெயில். அடுத்து, 22 கிலோமீட்டர் நீளமுள்ள தைஷிமிசு சுரங்கம். மறுபக்கம் வெளியே வந்தால் வீட்டுக் கூரைகளின் மேல் ஆள் உயரப் பனி. சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து, இந்த மலைத்தொடரில் மோதிக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி டோக்கியோ பக்கம் வருவது வெறும் வறண்ட காற்று. 1931இல் முதல் சுரங்கம் திறக்கும் வரை அந்தப் பக்கத்து மக்களுக்குக் குளிர்காலம் என்றால் அடைபட்டுக் கிடப்பதுதான். எழுத்தாளர் கவாபாட்டா 1930களில் அந்தப் புதிய பாதையில் வந்து, யூசாவாவின் தகாஹான் விடுதியில் தங்கி ‘பனி தேசம்’ நாவலை எழுதினார். அவர் தங்கிய அறையை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

தைஷிமிசு சுரங்கம் தோண்டியபோது பாறையிலிருந்து பீறிட்ட ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைத்து டோக்கியோ நடைமேடைகளில் விற்றார்கள். நாங்களும் வாங்கிக் குடித்திருக்கிறோம். மலைக்குள் இருக்கும் தண்ணீர் நல்லது என்பதற்கு மேல் அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது.

சறுக்கியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கற்றுக்கொண்டோம், விழுந்தோம், எழுந்தோம். எங்களோடு வந்து லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அலுவலக மூத்தவர் சொன்ன கதைதான் மனதில் நிற்கிறது. 1987இல் பனிச்சறுக்கை வைத்து ஒரு காதல் படம் வந்து, நாட்டையே மலைக்கு இழுத்துவிட்டதாம். 1993 வாக்கில் சறுக்கப் போகிறவர்கள் 1 கோடியே 80 லட்சத்தையும் தாண்டினார்கள். “இதே லிஃப்டுக்கு வரிசையில் நின்று நின்றே பாதி நாள் போய்விடும்” என்றார், ஏக்கத்தோடு. நாங்கள் போனபோது வரிசையே இல்லை. கீழே பள்ளத்தாக்கில், நெல்வயல்களுக்கு நடுவே, சென்னையில்கூட அன்று நான் பார்த்திராத உயரத்தில் அடுக்குமாடிகள். பணம் பொங்கிய எண்பதுகளின் கடைசியில் டோக்கியோக்காரர்கள் வாரக்கடைசிக்கென்று வாங்கிப்போட்ட வீடுகள். 8,000 பேர் வாழும் ஊரில் சுமார் 15,000 வீடுகள்! பாதி ஜன்னல்களில் விளக்கில்லை.

சாயங்காலம், ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் மட்டுமே, வெந்நீர்க் குளியலுக்குப் போனோம். குற்றாலத்தில் துண்டு கட்டிக் குளித்து வளர்ந்தவர்களை உடை எதுவும் இல்லாமல் வா என்றால் எப்படி? வாசலிலேயே இருவர் பின்வாங்கினார்கள். மூத்தவர் யாரையும் வற்புறுத்தவில்லை. தான் முதலில் உள்ளே போய்ச் சிறு முக்காலியில் உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை சோப்புத் தேய்த்து, நுரை ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவிவிட்டு, துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அழுக்கை வெளியே போக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லாருக்கும் பொது. இந்த ஒழுங்கு புரிந்தவுடன் கூச்சம் போய்விட்டது. பக்கத்தில் உள்ளூர்க் கிழவர் ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் கண்மூடி இருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியாவின் தெற்கு, அங்கே பனியே கிடையாது என்றோம். “கொடுத்து வைத்தவர்கள்” என்றார். தினமும் விடியும் முன் கூரைப்பனியை வாரித் தள்ளுகிற மனிதர் சொன்ன வார்த்தை அது. அன்று மலையில் கழித்த பகல் முழுவதையும்விட அந்த அரைமணி நேரம் என்னுள் ஆழமாகத் தங்கியது. ஆனால் மணி ஆகிவிட்டது. ஓடிப்போய் ரயிலைப் பிடித்தோம்.

இப்போது என் மகள், டோக்கியோவில் பிறந்து வளர்ந்தவள், கைப்பேசியில் மூன்று ஊர்களின் நேரலைக் கேமராவையும் பனி ஆழத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு மலை தேர்ந்தெடுக்கிறாள்.

“அப்பா, காலா போனா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துடலாம்.”

“அதனாலதான் வேண்டாங்கறேன், கண்ணு.”

யூசாவாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊருக்கு நடந்ததைப் பார்த்தபின் என்னால் வேறு மாதிரி சொல்ல முடியாது. 1982இல் ஷின்கான்சென் வந்தபோது டோக்கியோ பக்கத்தில் வந்துவிட்டது என்று ஊரே மகிழ்ந்தது. கூட்டத்தைக் காலையில் கொண்டுவந்த அதே வேகம், சாயங்காலமே அதைத் திருப்பிக்கொண்டும் போனது. அன்று கோடிக்கணக்கான யென்னுக்கு விற்ற அடுக்குமாடிகளில் சில வீடுகள் பின்னாளில் 1 லட்சம் யென்னுக்கு விற்பனைக்கு வந்தன. வாங்குகிறவர் பழைய பராமரிப்புக் கட்டணப் பாக்கியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ரயிலால் பக்கத்தில் வந்துவிட்ட ஊரில் இரவு தங்க ஆள் வேண்டியிருக்கிறது.

பனியும் முன்போல் நம்பத்தக்கதாக இல்லை. 2019-20 குளிர்காலத்தில் ஜப்பான் கடலோரம் முழுவதும் பனி மிகமிகக் குறைவு. பல மலைகளில் புல் தெரிந்தது. வெந்நீர் ஊற்று அப்படிக் கைவிடுவதில்லை. எனவே வெந்நீரை முதலில் பார், மலையை அப்புறம் பார் என்று மகளிடம் சொல்கிறேன். அதைப் பார்க்கத் தெரிய வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊற்றிலேயே 25 டிகிரி வெப்பம் இருந்தால் அது ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று. 25 டிகிரி என்பது நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். அதைக் காய்ச்சி, குளோரின் கலந்து, அதையே சுற்றிச்சுற்றி ஓடவிடும் விடுதிகளும் உண்டு. உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பலகை இருக்கும்: தண்ணீர் கலந்தார்களா, சூடேற்றினார்களா, மறுசுழற்சி செய்கிறார்களா, கிருமிநாசினி போட்டார்களா, எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும் என்பது 2005 முதல் விதி. நான் அந்தப் பலகையைப் படிக்காமல் இறங்குவதில்லை.

இந்தக் கணக்கில் குசாட்சுவுக்கு ஈடில்லை. ஊர் நடுவே நிமிடத்துக்கு 4,000 லிட்டர் பொங்குகிறது. இரும்பு ஆணியைக் கரைக்கும் அமில நீர். சூடு தாங்காத தண்ணீரில் பச்சைத்தண்ணீர் கலந்து வீரியம் கெடக் கூடாது என்று நீண்ட பலகைகளால் துழாவி ஆற்றுவது அங்கே பழைய வழக்கம். ஆனால் அந்த வெந்நீரைத் தரும் நெருப்பு மேலேதான் இருக்கிறது. 2018 ஜனவரியில் சறுக்கு மலையை ஒட்டியே மோத்தோஷிரானே எரிமலை வெடித்தது. அங்கே பயிற்சியில் இருந்த படைவீரர் ஒருவர் இறந்தார். மலையின் மேற்பகுதி மூடப்பட்டது. அங்கே போய்க் குளிக்கலாம். மகள் ஆசைப்படும் நீண்ட சறுக்கல் இல்லை.

மிஞ்சியது நொசாவா. 2015இல் ஈயாமாவில் ஷின்கான்சென் நிலையம் வந்தபின், அங்கிருந்து 25 நிமிட பஸ்தான். நான் அந்த ஊரை விரும்புவது தூரம் குறைந்ததற்காக அல்ல. அங்கே தெருவுக்குத் தெருவாக 13 பொதுக் குளியலறைகள். கட்டணம் இல்லை, ஓர் உண்டியல் மட்டும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்துக் கழுவிப் பராமரிக்கிறார்கள். கொதிக்கும் ஊற்றான ஓகாமாவில் ஊர்ப் பெண்கள் கீரை வேகவைக்கிறார்கள். வெளியாட்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். மலையும் பெரியது. ஊற்றை ஊரார் தம் கையில் வைத்திருப்பதால்தான் அங்கே பனிச்சறுக்கு ஊரைத் தின்றுவிடவில்லை என்று நினைக்கிறேன்.

அங்கும் காலம் மாறிவிட்டது. ஆஸ்திரேலியர்கள் திரளாக வருகிறார்கள்; அறை வாடகை ஏறிவிட்டது; ஜனவரி 15 நெருப்புத் திருவிழா வாரத்தில் இடம் கிடைப்பது அரிது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய், புதனுக்கு ஒரு குடும்ப விடுதியில் இடம் பிடித்திருக்கிறோம். மகள் காலையில் மலைக்குப் போகட்டும். சாயங்காலம் உண்டியலுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு நாங்கள் பொதுக் குளியலுக்குப் போவோம். தண்ணீர் பொறுக்க முடியாத சூடாக இருக்கும். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன், உள்ளே இருக்கும் பாட்டிமாரைக் கேட்டுக்கொண்டு திற என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.