முதலில் ஓடை, பிறகு பீவர்

கே: பீவரும் நீர்நாயும் ஒன்றுதானே? (பள்ளி மாணவி, நாகர்கோவில்)

ப: இல்லை அம்மா. நீர்நாய் மீன் தின்னும். பீவர், எலி இனத்துக்கு உறவான கொறிவிலங்கு. மரப்பட்டையும் இலையும் நீர்த்தாவரமும்தான் அதன் உணவு. கிளையும் சேறும் வைத்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். தேங்கும் தண்ணீர் சதுப்பு நிலமாகும்.

கே: இரவில் நடமாடும் பிராணியை எப்படி எண்ணுகிறார்கள்? (ஆசிரியர், திருவாரூர்)

ப: தலையை எண்ணுவதில்லை, குடும்பத்தை எண்ணுகிறார்கள். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில், குளம் உறையுமுன் ஒவ்வொரு குடும்பமும் வீட்டருகே தண்ணீரில் கிளைகளைக் குவித்து வைக்கும். மேலே உறைந்த பின் பனிக்கட்டிக்கு அடியில் நீந்திப்போய்த் தின்னும். இலையுதிர் காலத்தில் விமானத்தில் தாழப் பறந்து அந்தக் குவியல்களை எண்ணுகிறார்கள். கரையில் நடப்பவர்கள் பீவர் கடித்து வீழ்த்திய மரத்தின் அடிமரத்தைப் பார்ப்பார்கள். பென்சில் சீவியதுபோல் கூராக இருக்கும். வெட்டு வெளிறி ஈரமாக இருந்தால் புது வேலை, கறுத்திருந்தால் பழையது. அணையில் புதுச் சேறு தெரிந்தால் குடியிருப்பு உறுதி.

கே: ஓடையைச் சீராக்கப் பீவரைக் கொண்டுபோய் விட்டால் போதாதா? கணக்கெடுப்பு எதற்கு? (பொறியாளர், கோவை)

ப: போதாது. உட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ‘பிராட்’ என்றொரு கணிப்பு முறை வைத்திருக்கிறார்கள். கரையில் மரம் உண்டா? ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடுமா? வெள்ளம் வந்தால் அணை நிற்குமா? இவற்றை வைத்து, கிலோமீட்டருக்கு எத்தனை அணை தாங்கும் என்று ஒவ்வோர் ஓடைக்கும் கணக்கிடுகிறார்கள். தாங்கக்கூடியது எவ்வளவு, இப்போது இருப்பது எவ்வளவு என்று ஒப்பிட்டால், எங்கே வேலை செய்யவேண்டும் என்பது தெரிந்துவிடும். மரம் இல்லையா, முதலில் வில்லோ மரம் நடுங்கள். ஓடை ஆழமாக அரித்துப் போயிருக்கிறதா, நீங்களே கட்டை அடித்துக் கிளை பின்னி அணை போடுங்கள். ஆரிகன் மாநிலத்தின் பிரிட்ஜ் க்ரீக்கில் அப்படித்தான் செய்தார்கள். பீவர்கள் வந்து அந்த அணைகளைத் தமதாக்கிக்கொண்டன. ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன.

கே: காட்டுத்தீயைக்கூட பீவர் தடுக்குமாமே? (வாசகர், தேனி)

ப: தீயை அணைக்காது, ஓடையோரத்தைக் காக்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நடந்த ஐந்து பெரிய காட்டுத்தீக்களின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, எமிலி ஃபேர்ஃபாக்ஸும் ஆண்ட்ரூ விட்டிலும் 2020-இல் எழுதினார்கள். பீவர் அணை இருந்த ஓடையோரங்கள் பச்சை அதிகம் குறையாமல் நின்றன. இல்லாத இடங்கள் பெரிதும் கருகின. ஓட முடியாத உயிர்களுக்கு அந்தப் பச்சைதான் புகலிடம்.

கே: இவ்வளவு நல்ல பிராணியை எல்லா நாட்டுக்கும் அனுப்பலாமே? (விவசாயி, சிவகங்கை)

ப: கூடவே கூடாது. தோல் வியாபாரத்துக்காக 1946-இல் அர்ஜென்டினாவின் தென்கோடியான டியர்ரா டெல் ஃபுவேகோவில் கனடா பீவர்களை விட்டார்கள். வேட்டையாட ஓநாயும் கரடியும் அங்கே இல்லை. வில்லோபோல வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரமும் இல்லை. ஆற்றோரக் காடுகள் பட்டுப்போயின. பீவர்கள் சிலி வரை பரவின. வட அமெரிக்காவில் பீவரைப் பெருக்கக் கணக்கெடுக்கிறார்கள். அங்கே ஒழிக்கக் கணக்கெடுக்கிறார்கள். விலங்கு ஒன்றுதான், மண்தான் வேறு. அதனால்தான் சொல்கிறேன்: மண்ணையும் மரத்தையும் அளந்து பார்க்காமல் எந்த உயிரையும் எங்கேயும் கொண்டுபோய் விடாதீர்கள்.