எக்குவடோர் மாமா

மட்டக்களப்பு வாவிக்குக் கார்த்திகையில் வடதேசத்துப் பறவைகள் வரும். ஆடியில் லண்டன் மாமாக்கள் வருவார்கள். பறவைகள் யாரோடும் கதையாமல் சேற்றில் இரை தேடிவிட்டுப் பங்குனியோடு போய்விடும். மாமாக்கள் மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடியும்வரை ஊருக்குப் புத்தி சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். இவர்களில் பல இனம் உண்டு: வந்த அன்றே காணி விலை விசாரிக்கிற மாமா, கோயிலுக்கு மணிக்கோபுரம் கட்டி அதில் தன் பெயரையும் வெட்டுகிற மாமா, இருபது வருடமாக 'அடுத்த வருஷம் இஞ்சையே வந்திருவன்' என்கிற மாமா. அண்மைக்காலத்தில் புதிதாக ஓர் இனம் தென்படுகிறது. அதுதான் எக்குவடோர் மாமா.

அடையாளம் காண்பது எளிது. முழங்காலடியில் ஸிப் வைத்த காற்சட்டை. காலையில் நீளமாக வீட்டைவிட்டுப் புறப்படும். வெயில் ஏறியதும் கட்டையாகிவிடும். கழற்றிய இரண்டு கால்களையும் எங்கே வைத்தோம் என்று பொழுதுபட வீடு முழுக்கத் தேடுவார். கழுத்தில் பைனாகுலர், தொப்பியின் பின்னால் பிடரியை மூட ஒரு துணி, சட்டையில் பதினொரு பொக்கற். பஸ்சுக்குக் கொடுக்கச் சில்லறை மட்டும் ஒன்றிலும் இராது.

லண்டனில் முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதி, ஓய்வுபெற்ற கையோடு மாமா எக்குவடோருக்குப் போனார். இலங்கையைப்போல நாலு மடங்குக்கும் பெரிய நாடு; 1,600க்கு மேற்பட்ட பறவையினங்கள்; ஒரு பக்கம் அந்தீஸ் மலை, மறுபக்கம் அமேசன் காடு, கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் கலாபகோஸ் தீவுகள். 1835இல் டார்வின் அங்கே இறங்கினார். அவருக்கு அடுத்தபடியாக இறங்கியது தான்தான் என்ற தோரணையில் மாமா கதைப்பார்.

"எங்கட குறூப்பில மொத்தம் பன்னிரண்டே பேர்" என்று தொடங்கினால், சோறு ஆறிவிடும். கூட்டமாகப் போனால் சுற்றுலாப் பயணி, பன்னிரண்டு பேராகப் போனால் இயற்கை ஆர்வலர் என்பது அவர் கட்சி. மேகம் தவழும் காட்டுக்குள் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. கட்டிலில் படுத்தபடியே காட்டைப் பார்க்கலாம். இரவில் டோர்ச் அடித்து ஒரு தவளையைக் காட்டினார்களாம். வயிற்றுத் தோலுக்குள்ளால் அதன் இதயம் துடிப்பது தெரிந்ததாம். மலையூரில் கினிப்பன்றி பொரித்து வைத்தார்கள். வெள்ளைக் கோப்பையில் வந்தபடியால் மாமா சாப்பிட்டுவிட்டார். அதே மாமாதான் இங்கே தன் அக்கா வீட்டு மேசையில் இறால் கறியைக் கரண்டியால் கிளறி, "இது எந்தத் தண்ணியில பிடிச்சது?" என்று கேட்கிறார்.

"நீ குளிச்சு வளர்ந்த தண்ணியிலதான் தம்பி" என்றார் அக்கா.

மறுநாள் விடிய வளவுக்குள் ஒரு கபரக்கொய்யா வந்தது. கோழிக்கூட்டை நோக்கி, தன் வீட்டுக்குப் போவதுபோல நடந்தது. மாமா சாரத்தோடு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். கபரக்கொய்யாவை அல்ல, அக்காவை. "கிட்டப் போகாதீங்க! இரண்டு மீற்றர் தள்ளி நிக்கவேணும்! கலாபகோஸில அதுதான் சட்டம்!" சட்டம் உண்மைதான். அங்கே விலங்குகளுக்கு இரண்டு மீற்றருக்குள் யாரும் நெருங்கக்கூடாது. ஆனால் அங்கே கடலுடும்பு பாசிதான் தின்னும். இங்கே அடைக்கு வைத்த முட்டையில் மூன்று போய்விட்டது. அக்கா தும்புத்தடியை எடுத்த வேகத்தில் மாமாதான் இரண்டு மீற்றர் தள்ளி நின்றார்.

பௌர்ணமியன்று, வாவித் தண்ணீருக்குள்ளிருந்து எழும் பாடும்மீன் ஒலியைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடிக்குப் போவதென்று முடிவாயிற்று. மாமா வள்ளம் பேசியது எட்டுப் பேருக்கு. அங்கே வந்து நின்றவர்கள் பத்தொன்பது பேர். எங்கள் ஊரில் ஆளை எண்ணி அழைக்கிற வழக்கம் இல்லை. ஒரு வீட்டுக்குச் சொன்னால் ஒழுங்கைக்கே சொன்ன மாதிரி. ஒரு மாமி கடலையும் முறுக்கும் தலையணையும் கொண்டு வந்திருந்தார். கலாபகோஸில் ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் கூடாது என்பதை மாமா எடுத்துச் சொன்னார். "அப்ப மூண்டு பேர் கூடத்தானே, மடியில வச்சிருக்கலாம்" என்று மாமி தீர்த்துவைத்தார்.

அதற்குமுன் கூலிப் பேரம். கலாபகோஸ் நுழைவுக் கட்டணத்தை 2024இல் 100 டொலரிலிருந்து 200 டொலராக்கினார்கள். அதை வாய் திறக்காமல் கட்டியதோடு ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிற மாமா, வள்ளக்காரரோடு ஐந்நூறு ரூபாய்க்குக் கால்மணி நேரம் இழுபறிப்பட்டார்.

வள்ளம் பாலத்தைவிட்டு விலகியதும் பழைய கம்பமொன்றில் ஒரு பறவை சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. நிலவில் கறுப்பாகத் தெரிந்தது. மாமா பைனாகுலரைத் தூக்கினார்.

"அது என்ன?"

"நீர்க்காகம் ஐயா."

"சயன்டிஃபிக் நேம்?"

"எங்களுக்கு அது மீன் களவெடுக்கிற காகம் ஐயா."

வள்ளக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல்முனையில் காதை வைக்கச் சொன்னார். ஊரி பாடுகிறது என்பார் சிலர், மீன்தான் என்பார் சிலர். அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் சென்ற நூற்றாண்டிலே அந்த ஒலியைப் பதிவுசெய்தார்; அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. குழந்தைகள்கூட அடங்கிவிட்டார்கள். மாமா துடுப்பில் காதை வைத்தபடியே, கலாபகோஸில் கடற்சிங்கம் எப்படிக் கத்தும் என்று விளக்கினார். பிறகு நிமிர்ந்து, "ஒண்டும் கேக்கேல்லையே, இதுக்கு உத்தரவாதம் இல்லையா?" என்றார்.

"பாடும் ஐயா. நீங்க கதைக்கிறத நிப்பாட்டினா அதுக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்."

மாமாவை ஒருநாள் குறுமண்வெளியில் பாதையிலும் ஏற்றினோம். வாவிக்குக் குறுக்கே எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற அந்தத் தட்டை மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். பள்ளிக்கூடம் போகிற ஆசிரியைகள், பத்துப் பன்னிரண்டு மோட்டார்சைக்கிள், மூட்டை, தயிர்முட்டி, ஓர் ஆடு. இருக்கை இல்லை, குளிர்துவாலை இல்லை, வரவேற்புப் பானம் இல்லை. கண்ணாச் சதுப்புக் காட்டோரம் கொக்குகள் வரிசையாக நின்றன. ஆசிரியை ஒருவர் நின்றபடியே கொப்பி திருத்தினார். மாமா, "இதுக்கு மேல்வகுப்பு டிக்கெட் இல்லையா?" என்று கேட்டார். ஆடு மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

மண்டூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வயற்பக்கம் போனால், மாமாவுக்கு யானை பார்க்கவேண்டும். இயற்கையான சூழலில், ஆள்கூட்டம் இல்லாமல். வரம்பில் நின்ற வயோதிபர் பொறுமையாகக் கேட்டார். "யானை பாக்கணுமெண்டா ராவைக்கு எங்கட வாடியில வந்து படுங்க ஐயா. காசு வேணாம். வெடி மட்டும் நீங்க கொழுத்துங்க." அன்று மாலையே மாமா பாசிக்குடா ஹோட்டலுக்குப் போய்விட்டார்.

மாமா கெட்டவர் அல்ல. எக்குவடோரில் அவர் பார்த்ததும் பொய்யல்ல. காலடி வைக்கிற இடத்துக்கும் கணக்கு வைத்துத்தான் அந்தத் தீவுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டியது அதைத்தான். மாமா சொன்னது கண்ணாடி அறைக் கட்டிலைப் பற்றி.

ஆனால் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாமும் தப்பிக்க முடியாது. 56 கிலோமீற்றர் நீளத்தில் ஒரு வாவி நம் வீட்டுப் பின்வளவில் கிடக்கிறது. அதற்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. அதனால்தான் அவர் அதைப் பார்ப்பதில்லை. அதனால்தான் நாம் கண்ணாவை வெட்டிவிட்டு, குப்பைப் பையைப் பாலத்திலிருந்து எறிகிறோம். காசு கேட்காத எதையும் மதிப்பதில்லை என்பதில் மாமாவுக்கும் மருமக்களுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆகவே கல்லடி வள்ளக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆடிக்கு மாமா வந்தால் ஐந்நூறு ரூபாயைக் குறைக்காதீர்கள். 200 டொலர் என்று சொல்லுங்கள். பதினாறு பேருக்கு மேல் ஏற்றமாட்டோம், குப்பை போட்டால் இறக்கிவிடுவோம், கதைத்தால் காசு திருப்பித் தரமாட்டோம் என்று பலகை எழுதி மாட்டுங்கள். எங்களிடமும் அதே சட்டத்தைக் காட்டுங்கள். மாமா முதல் ஆளாக வந்து வரிசையில் நிற்பார். மீன் பாடுவதும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.